கொதிகலத்து மண்டி: சல்லடையும் சுழற்சியும்

திரவத்தில் கலந்துள்ள திடப்பொருளைப் பிரித்தெடுத்தல் உணவுத் தொழில்களிலும் ரசாயனத் தொழில்களிலும் அன்றாடம் நிகழும் வேலையாகும். கரும்புச் சாற்றைத் தெளிவித்தல், குடிநீரை வடிகட்டுதல், எண்ணெயின் கசடு நீக்குதல் ஆகியவை யாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. திரவம் தெளியாதபோது, “இன்னும் நுண்ணிய துணியால் வடிகட்டுக” என்பதே பலரும் கூறும் முதல் யோசனை. இந்த யோசனை பல சமயங்களில் பயன் தருவதில்லை. சில சமயங்களில் வேலையையே நிறுத்திவிடுகிறது. அதன் காரணத்தை அறிந்துகொள்வது ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் நன்மை பயக்கும்.

இதனை விளக்க, மேல்நாடுகளில் தம் இல்லங்களிற் பீர் காய்ச்சுவோர் எதிர்ப்படும் ஒரு சிக்கலை ஈண்டு உதாரணமாகக் கொள்வோம். கொதித்து முடிந்த சாற்றிலிருந்து ஹாப்ஸ் பூக்களையும் வண்டலையும் எவ்வாறு நீக்குவது என்பதே அச்சிக்கல். பருமனான இலை, பஞ்சு போன்ற திரள், கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள் ஆகிய மூன்றும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து காணப்படுவதால், பிரித்தெடுக்கும் முறைகள் அனைத்தையும் ஒருங்கே ஒப்பிட இவ்வுதாரணம் மிகவும் ஏற்றது.

பிரிட்டனில் இல்லத்திற் பீர் காய்ச்சுவதற்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் இதற்கு வழி செய்தது. நம் நாட்டில் மதுவைப் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. விதிகள் மாநிலந்தோறும் வேறுபடும். ஆகவே இக்கட்டுரை பீர் தயாரிக்கக் கற்பிக்கும் நோக்கம் உடையதன்று. கொதிகலத்தினுள் நிகழும் பௌதிக, ரசாயன நிகழ்ச்சிகளே நம் பாடம்.

கொதிகலத்தில் நிகழ்வது யாது?

முளைகட்டி உலர்த்திய பார்லி ‘மால்ட்’ எனப்படும். அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறி நீரிற் கரைகிறது. இவ்வினிய சாற்றைத் தனியே வடித்துக் கொதிகலத்திலிட்டு, பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காய்ச்சுவர். அப்போது சேர்க்கப்படுவதே ஹாப்ஸ். இஃது ஒரு கொடியின் பெண்பூக் கதிர். இலைபோன்ற செதில்கள் அடுக்கடுக்காக அமைந்தது. செதில்களின் அடியில் மஞ்சள் நிறமுள்ள பிசின் துகள்கள் உள்ளன. அப்பிசினில் அடங்கிய ‘ஆல்பா அமிலங்கள்’ கொதிநிலையில் அணு அமைப்பு மாறிக் கசப்புச் சுவையைத் தருகின்றன. குளிர்நாட்டுப் பயிராகிய இக்கொடி, நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கிலும் பயிரிடப்பட்டுள்ளது.

காய்ச்சுவதால் விளையும் பயன்கள் பல: கிருமிகள் மடிகின்றன, வேண்டாத மணங்கள் ஆவியோடு வெளியேறுகின்றன, மால்ட்டிலிருந்து வந்த நொதிகள் செயலிழக்கின்றன. நம் பாடத்துக்கு மிகவும் வேண்டப்படுவது வேறொன்று. சாற்றிலுள்ள புரதங்கள் வெப்பத்தால் திரிந்து, தானியத்திலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வந்த டானின் வகைப் பொருள்களுடன் சேர்ந்து, திரிந்த பால்போலத் திரள் திரளாகப் பிரிகின்றன. கலங்கியிருந்த சாறு, கொதி முதிர முதிர, தெளிந்த நீரில் பஞ்சுத் துணுக்குகள் மிதப்பதுபோற் காட்சியளிக்கும்.

மூவகை மண்டி

ஆகவே, அடுப்பை அணைத்தவுடன் கலத்தில் இருப்பது ஒரே வகை மண்டியன்று.

முதலாவது, ஹாப்ஸின் எச்சம். முழுப் பூவாக இட்டால் அது செதில் செதிலாக நிற்கும். பூவை அரைத்து அழுத்திச் செய்த குளிகைகளாக இட்டால், அவை கொதிநீரில் உடனே கரைந்து பச்சை நிறத் தூளாகப் பரவும்.

இரண்டாவது, கொதியில் திரண்ட புரத மண்டி. இதன் துகள்கள் பல பத்து மைக்ரான் அளவுள்ளவை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மூன்றாவது, சாறு குளிரும்போது தோன்றும் மண்டி. இது சூடான சாற்றிற் கரைந்திருந்து, குளிர்ந்தபின் பிரிவது. இதன் துகள்கள் ஏறத்தாழ ஒரு மைக்ரான், அல்லது அதனினும் சிறியவை.

இவ்வேறுபாடு மிக முக்கியமானது. மற்றவை சமமாயின், திரவத்தில் அமிழும் துகளின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. 50 மைக்ரான் துகள் ஒரு மைக்ரான் துகளைக் காட்டிலும் 2,500 மடங்கு விரைவாக அமிழும். முன்னது பத்து நிமிஷத்தில் அடியை அடையுமாயின், பின்னதற்கு 25,000 நிமிஷம், அதாவது பதினேழு நாட்களுக்கு மேல் வேண்டும். திரவத்தில் எழும் சிறு அசைவுகளும் அதனை மேலே கிளப்பிக்கொண்டே இருக்கும். ஆதலால் நுண்துகளைப் படியவைக்க விரும்புவோர் முதலில் அதனைப் பெருந்துகளாகத் திரட்டவேண்டும்.

இதற்காகவே, கொதி முடியப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்கு முன் ‘ஐரிஷ் பாசி’ என்னும் சிவப்புக் கடற்பாசியைச் சிறிதளவு இடுகின்றனர். அதிலுள்ள காரஜீனன் என்னும் பொருள் எதிர்மின்னேற்றம் உடையது. சாற்றின் புரதங்களுட் பல நேர்மின்னேற்றம் உடையவை. இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துப் பெருந்திரளாகின்றன. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மிதவைகளிற் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசியும் காரஜீனன் தருவதே என்பது தமிழ் வாசகர்கள் அறியத்தக்கது.

சல்லடை அடைபடுவது ஏன்?

கலத்தின் வாயிற் குழாய்க்கு முன்னால் கம்பிவலையைப் பொருத்தினால் போதாதா என்ற வினா இயல்பாக எழும். முதற் சில நிமிஷங்கள் சாறு நன்றாகவே வெளிவரும். பிறகு ஓட்டம் தளர்ந்து, துளித்துளியாகி, நின்றுவிடும். வலைக் கண்களின் அளவைவிட, வலையின்மேற் படியும் படலமே ஓட்டத்தை நிர்ணயிக்கிறது என்பதே இதற்குக் காரணம்.

பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி, திஜோன் நகர நீர் வழங்கலைப் பற்றி 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மணற்படுகையினூடே நீர் செல்லும் விதியை நிறுவினார். படுகையின் பரப்பும் அழுத்தமும் மிகுந்தால் ஓட்டம் மிகும். படுகையின் கனம் மிகுந்தால் ஓட்டம் குறையும். வலையின்மேற் சேரும் மண்டியும் இத்தகைய ஒரு படுகையே. ஆனால் மணல் கெட்டியானது. புரத மண்டியோ மென்மையானது. அழுத்தினால் மணலின் இடுக்குகள் அப்படியே இருக்கும். மண்டியின் இடுக்குகள் நசுங்கி மூடிக்கொள்ளும். ஆகவே, ஓட்டம் குறைந்ததென்று பம்பின் வேகத்தைக் கூட்டினால் அடைப்பு இறுகுமேயன்றித் தீராது.

இடுக்குகளின் அளவு குறைவதன் விளைவையும் கணக்கிடலாம். மண்டிப் படலத்தின் இடுக்குகள் நுண்குழாய்களை ஒத்தவை. குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதனூடே செல்லும் திரவம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதே இடத்தில் நான்கு சிறு குழாய்களை அமைத்தாலும் மொத்த ஓட்டம் முன்னிருந்ததில் நான்கில் ஒரு பங்கே. வலையை நுண்ணியதாக்குவது தெளிவைத் தருவதற்கு முன்னே அடைப்பைத் தந்துவிடுகிறது.

மண்டியே வடிகட்டியாதல்

நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமையாக நெய்யரியைக் கூறியது ஆசிரியர்கள் அறிந்ததே. நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வது அதன் இயல்பு. மாணாக்கனிடம் குறையாகும் இவ்வியல்பே இங்கு நாம் நாடும் குணமாகும். பீர் காய்ச்சுவோர்க்கு இத்தகைய நெய்யரியாக நெடுங்காலம் உதவியது ஹாப்ஸ் பூவே.

பிரிட்டனின் பழைய பீர்ச்சாலைகளில், துளையிட்ட அடித்தட்டை உடைய ஒரு தொட்டியிற் கொதித்த சாற்றை ஹாப்ஸுடன் கொட்டுவர். முழுப் பூவின் செதில்கள் தட்டின்மேற் படிந்து பல அங்குலக் கனமுள்ள மெத்தையாகும். முதலில் வரும் கலங்கற் சாற்றை மீண்டும் மேலே ஊற்றுவர். மெத்தை நன்கு அமைந்தபின், புரத மண்டி அதன் இடுக்குகளிற் சிக்கித் தங்க, தெளிந்த சாறு கீழே இறங்கும். தட்டின் துளைகள் பருமனானவையே. அவை மெத்தையைத் தாங்குகின்றன, அவ்வளவே. வடிகட்டுவது மெத்தை.

செதில்கள் நசுங்காமல் இடைவெளி விட்டு நிற்பதாலும், துகள்கள் மேற்பரப்பில் மட்டுமன்றி மெத்தையின் முழு ஆழத்திலும் சிக்குவதாலும் இம்முறை அடைபடுவதில்லை. இல்லத்திற் காய்ச்சுவோரும் கலத்தின் அடியில் துளைத்தகடு அமைத்து இதே பயனைப் பெறலாம். ஆனால் முழுப் பூவை இட்டால் மட்டுமே. குளிகைகளின் தூள் மெத்தையாக அமையாது. தகட்டின் கீழும் புகும், துளைகளையும் அடைக்கும்.

குளிகைகளை மெல்லிய துணிப்பையிலோ துருப்பிடியா எஃகு வலைக்கூடையிலோ இட்டுக் கலத்தில் தொங்கவிடுவதும் உண்டு. அப்போது தூள் பெரும்பாலும் பைக்குள்ளேயே தங்கும். பையில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. ஊறிப் பெருத்தபின்னும் சாறு உட்புகுந்து வெளிவர இடம் இருத்தல் வேண்டும். பை கலத்தின் அடியைத் தொட்டால் தீய்ந்துபோகும். இம்முறை ஹாப்ஸை மட்டுமே தடுக்கும்; பைக்கு வெளியே திரளும் புரத மண்டி அப்படியே இருக்கும்.

சுழற்சி முறை

குளிகைகள் பரவலாக வழக்கிற்கு வந்தபின் சிறப்புப் பெற்றது சுழற்சி முறை. 1960-இல் கனடா நாட்டு மோல்சன் பீர்ச்சாலையில் இது தொழில்முறையிற் கையாளப்பட்டது. சூடான சாற்றை உருளை வடிவத் தொட்டியின் சுவரை ஒட்டிப் பக்கவாட்டிற் செலுத்திச் சுழலச் செய்து, பின் அமைதியாக விட்டுவிட்டால், மண்டி முழுவதும் அடியின் நடுவே கூம்பாகக் குவிகிறது. சல்லடை இல்லை, ஆகவே அடைப்பும் இல்லை.

இது மாணவர்க்கு வியப்பளிக்கும். சுழலும் திரவத்தில், திரவத்தினும் கனமான பொருள் மையவிலக்கு விசையால் சுவரை நோக்கியன்றோ செல்லவேண்டும்? நடுவே குவிவது எங்ஙனம்?

இப்புதிருக்குத் தெளிவான விளக்கம் தந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். ஆறுகள் வளைந்து செல்வதன் காரணத்தைப் பற்றி 1926-இல் வெளியிட்ட கட்டுரையில், கோப்பைத் தேநீரைக் கலக்கினால் தேயிலை அடிநடுவே சேர்வதை அவர் எடுத்துக்காட்டினார். விளக்கம் வருமாறு: சுழலும் திரவத்தில் சுவரோரம் அழுத்தம் மிகுந்தும், நடுவில் குறைந்தும் இருக்கும். இவ்வழுத்த வேறுபாடு திரவத்தை உள்நோக்கித் தள்ளுகிறது. மேற்பகுதியில் சுழற்சி வேகமானதாகையால் மையவிலக்கு விசை இத்தள்ளுதலைச் சரிக்கட்டுகிறது. அடித்தளத்தை ஒட்டிய படலமோ உராய்வினால் வேகம் குன்றியது. அங்கு மையவிலக்கு விசை போதாது. ஆகவே அடிப்படலம் சுவரிலிருந்து நடுவை நோக்கி ஓடுகிறது. நடுவில் மேலெழும்பி, மேற்பரப்பில் சுவரை நோக்கிப் பரவி, சுவரோரம் மீண்டும் கீழிறங்குகிறது. இச்சிறு சுற்றோட்டம் அடியிலுள்ள மண்டியை நடுவுக்கு வாரிச் செல்கிறது. நடுவில் மேலெழும் ஓட்டம் வலுவற்றதாகையால், கனமான மண்டியைத் தூக்க இயலாமல் அங்கேயே விட்டுச் செல்கிறது.

ஆற்றின் வளைவிலும் இவ்வாறே நிகழ்கிறது. வெளிக்கரை அரிக்கப்படுகிறது, அடியோட்டம் மணலை உட்கரைக்குக் கொணர்ந்து திட்டாக்குகிறது. பூகோள ஆசிரியரும் பௌதிக ஆசிரியரும் ஒரே கோப்பையைக் கொண்டு தத்தம் பாடத்தை நடத்தலாம்.

செய்முறையிற் கவனிக்கத்தக்கவை

இல்லத்திற் காய்ச்சுவோர் கையாளும் ஒழுங்கு பின்வருமாறு: அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின், நீண்ட கரண்டியால் கலத்தின் ஓரமாக ஒரே திசையில் ஓரிரு நிமிஷம் சுழற்றுவர். சாறு முழுவதும் ஒருங்கே சுழலத் தொடங்கியதும் கரண்டியை எடுத்துவிட்டு மூடி, பத்து முதல் இருபது நிமிஷம் வரை அசையாமல் விடுவர். பிறகு சுவரோரம் அமைந்த குழாய் வழியே மெதுவாக இறக்குவர். தொடக்கத்தில் வரும் சிறிதளவு கலங்கலைத் தனியே பிடிப்பர்.

இங்கு நேரும் தவறுகள் மூன்று. கலத்தினுள் குளிர்விக்கும் சுருட்குழாயையோ வேறு தடையையோ விட்டுவைத்தால் சுழற்சி உடைந்து குவியல் அமையாது. குழாயை முழுதும் திறந்தால் ஓட்டத்தின் இழுவை குவியலைச் சரித்துவிடும். மட்டம் தாழத் தாழ ஓட்டத்தையும் குறைத்தல் வேண்டும். கடைசித் துளிவரை எடுக்க விரும்பிக் கலத்தைச் சாய்த்தால், அதுகாறும் பிரித்த மண்டி மீண்டும் கலந்துவிடும். சிறிதளவு சாறு மண்டியோடு தங்குவதை இழப்பெனக் கருதலாகாது. அது தெளிவுக்குக் கொடுக்கும் விலை.

ஆயினும் முழுத் தெளிவை நாடிக் காலம் கடத்துவதும் தகாது. மண்டி மிகுதியாகச் சென்றால் பீரின் சுவையும் நிலைப்பும் கெடும் என்பது உண்மை. ஆனால் மண்டியிலுள்ள கொழுப்புப் பொருள்கள் சிறிதளவு இருப்பது ஈஸ்டின் வளர்ச்சிக்கு உதவுகிறது. குளிர்ந்தபின் தோன்றும் நுண்மண்டியைக் கொதிகலத்திலேயே நீக்க முயல்வதில் பொருளில்லை. அது புளிக்கும் கலத்தின் அடியில் ஈஸ்டுடன் தானே படியும். சாறு சூடாக இருக்குமட்டும் கிருமிகள் அதில் வாழா. குளிர்ந்தபின்னோ, சர்க்கரை நிறைந்த அச்சாறு கிருமிகளுக்கு விருந்தாகும். ஆதலால் குளிர்ந்த சாற்றைத் தொடும் வலையும் குழாயும் கிருமி நீக்கப்பட்டவையாதல் இன்றியமையாதது. கொதிக்கும் சர்க்கரைச் சாறு உடலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வகுப்பறைப் பரிசோதனை

இத்தத்துவங்களைக் காட்டத் தேயிலையும் நீருமே போதும். தட்டையான அடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்திற் குளிர்ந்த நீரை ஊற்றி, வேகவைத்த தேயிலையை ஒரு சிட்டிகை இடுக. உலர்ந்த தேயிலை மிதக்கும், ஆகவே உதவாது.

(1) கலக்காமல் விடுக. தேயிலை அடி முழுதும் பரவிப் படியும்.

(2) கரண்டியாற் சுழற்றி, கரண்டியை எடுத்துவிடுக. சுழற்சி தளரத் தளரத் தேயிலை நடுவே குவியும்.

(3) மீண்டும் சுழற்றியபின் ஓர் அளவுகோலை நீரில் செங்குத்தாக நிறுத்துக. சுழற்சி விரைவில் அழிந்து, குவியல் ஒழுங்கற்றதாகும்.

(4) மெல்லிய ரப்பர்க் குழாயால், முதலிற் சுவரோரமிருந்தும், பிறகு நடுவிலிருந்தும் நீரை இறக்கி ஒப்பிடுக.

(5) மெதுவாகச் சுழலும் தெளிந்த நீரில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றைச் சுவரோரமாக இடுக. அடியில் ஊதாநிறக் கோடு சுருண்டு நடுவை நோக்கிச் செல்வதைக் காணலாம். அடிப்படலத்தின் ஓட்டம் இதனாற் கண்கூடாகும்.

களப்பணியாளர்க்கு

மேற்கூறியவற்றின் சாரம் ஒன்றே: முதலில் திரட்டுக, பிறகு படியவிடுக, வடிகட்டுவதைக் கடைசியாகக் கொள்க. கலங்கிய நீரைப் படிகாரம் இட்டுத் திரட்டித் தெளியவைத்தபின் வடிகட்டினால் வடிகட்டி நெடுநாள் உழைக்கும். கலங்கலோடு ஊற்றினால் அன்றே அடைபடும்.

வெல்லம் காய்ச்சுமிடங்களிலும் இவ்வறிவு பயன்படும். கரும்புச் சாறு கொப்பரையில் சூடேறும்போது புரதங்களும் பிற மாசுகளும் திரள்கின்றன. வெண்டைத் தண்டின் கொழகொழப்பான சாற்றைச் சேர்ப்பது, பீர்க் கலத்தில் கடற்பாசி சேர்ப்பதைப் போன்றே திரட்டும் தொழிலைச் செய்கிறது. இங்குத் திரள் அடியிற் குவியாமல் அழுக்கு நுரையாக மேலெழுவதால், அதனைத் துளைக்கரண்டியால் பொறுமையாக அரித்தெடுத்தல் வேண்டும். இப்பொறுமைக்கு மாற்றாகச் சிலர் ‘ஹைட்ராஸ்’ எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைத் தூவுகின்றனர். அது நிறத்தை வெளுக்கிறதே தவிர, மாசை நீக்குவதில்லை. இருப்பில் வைத்தபின் வெல்லம் மீண்டும் கறுக்கும், கந்தகப் பொருளும் உணவிற் சேரும். மாசு நீங்கியதால் வந்த வெண்மையும், மாசை மறைத்ததால் வந்த வெண்மையும் சந்தையில் ஒன்றுபோலத் தோன்றலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதை உழவர்க்கு எடுத்துரைப்பது களப்பணியாளரின் கடமையாகும்.

பயிற்சி வினாக்கள்

1. 20 மைக்ரான் துகள் 15 நிமிஷத்திற் படியுமாயின், அதே பொருளின் 2 மைக்ரான் துகள் படிய எவ்வளவு காலம் வேண்டும்?

2. வடிகட்டி அடைபட்டபோது அழுத்தத்தைக் கூட்டுவது மணலுக்குப் பயன்படலாம், மென்மையான மண்டிக்குப் பயன்படாது. ஏன்?

3. சுழலும் நீரில் தேயிலை நடுவே சேர்வதற்கு அடித்தளத்தின் உராய்வு இன்றியமையாதது என்பதை விளக்குக.

4. உங்கள் ஊரில் திரவத்தைத் தெளிவிக்கும் தொழில் ஒன்றை நேரிற் கண்டு, அங்குத் திரட்டல், படிதல், வடித்தல் ஆகியவை எம்முறையில் நிகழ்கின்றன என்று எழுதுக.